ஓசூர்ச் சீமையில் ஓர் ஏக்கரும் ஒரு வீடும்

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் அத்திபெலேயைக் கடந்து தமிழ் நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் கண்ணில் முதலில் படுபவை விளம்பரப் பலகைகளே. கால் ஏக்கர் முதல் பத்து ஏக்கர் வரை நிலம், மாந்தோப்பு, ஆழ்குழாய்க் கிணறு, கம்பி வேலி, வீடு கட்டிக்கொள்ள இடம் என்று அவை வழிப்போக்கரைக் கூவி அழைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, இராயக்கோட்டைச் சாலைகளில் மோட்டார்கள் வரிசையாகச் செல்கின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், கம்ப்யூட்டர்க் கம்பெனிகளில் சம்பாதிக்கும் வாலிபர்களும், தம் குழந்தைகளுக்கு மண்ணையும் மாட்டையும் காட்ட விரும்பும் பெற்றோரும் அவற்றில் வருகிறார்கள். ஓர் ஏக்கர் நிலம், அதன் நடுவே ஒரு சிறு வீடு என்பதே அவர்கள் எல்லோருடைய ஆசையும்.

இந்த ஆசையை நாம் பழிக்கவில்லை. பட்டணத்து வாசி கிராமத்தை நாடுவது நல்லதே. ஆனால் ஆயுட்காலச் சேமிப்பை ஒரே நாளில் ஒரு துண்டு நிலத்தில் கொட்டுகிறவர், ஒரு பசு வாங்கும் குடியானவன் காட்டும் ஜாக்கிரதையைக் கூடக் காட்டுவதில்லை என்பதை வழக்கறிஞர் தொழிலில் நாம் நேரில் கண்டு வருகிறோம். பசுவின் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், இரண்டு வேளை கறந்து பார்க்கிறோம். நிலத்தை மட்டும் தரகர் காட்டிய மாலை வெயிலில் ஒரு முறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இது வாங்குகிறவருக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாயிருந்தால் இப்பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. விற்கும் குடியானவனுடைய கதியும், ஊர்ப் பொதுச் சொத்தின் கதியும் இதில் அடங்கியிருப்பதால் எழுதுகிறோம்.

இந்தச் சீமையின் சரித்திரம் ஒன்றை முதலில் நினைவூட்ட வேண்டும். 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு மாறிற்று. அலெக்ஸாண்டர் ரீட் என்பவரும், அவருக்கு உதவியாயிருந்து பின்னால் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, இடையில் ஜமீன்தாரை வைக்காமல் ஒவ்வொரு ரயத்துடனும் நேரே தீர்வை பேசும் முறைக்கு இங்கேதான் அடிகோலினார்கள். ஓசூரைச் சேர்ந்த பாலாகாட் பகுதி 1799-இல் வந்து சேர்ந்தது. ரயத்துவாரிப் பட்டாவுக்குத் தொட்டில் கட்டிய பூமி இது என்று சொன்னால் மிகையாகாது. அத்தகைய பூமியிலேயே இன்று பட்டாவைப் படிக்கத் தெரியாமல் ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்பது வெட்கத்துக்குரியது.

பத்திரங்களைப் பற்றி

பட்டா வேறு, பாத்தியம் வேறு. பட்டா என்பது தீர்வை கட்டுகிறவர் இன்னார் என்று ரெவின்யூ இலாகா எழுதி வைத்திருக்கும் குறிப்பு. அது மட்டுமே சொத்துரிமையை ஸ்தாபிக்காது என்று நியாயஸ்தலங்கள் பன்முறை தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. முற்காலத்தில் கர்ணமும் கிராம முன்சீப்பும் பரம்பரையாக ஊரிலிருந்தார்கள். எந்த வயல் எவர் பாகத்துக்கு வந்தது என்பது அவர்கள் நினைவிலிருந்தது. 1980-இல் அந்தப் பரம்பரை உத்தியோகங்கள் ஒழிந்தன. ஒழிந்தது நியாயமே, ஆயினும் ஊரின் ஞாபகம் அவர்களோடு போய்விட்டது. அதே காலத்தை ஒட்டி 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்களும் விஸ்தீரணங்களும் மாறிப் பதிந்த இடங்கள் பல. ஆகையால் பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய ஐந்தையும் தாய்ப்பத்திரத்துடன் ஒத்துப் பார்க்காமல் எவரும் கையெழுத்திடலாகாது.

வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்று தரகர் காட்டினால் அதோடு திருப்தி அடையவும் கூடாது. பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் காணும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும், பதியாத உயிலும், கோர்ட்டில் நிலுவையிலிருக்கும் வியாஜ்யமும் அதில் தோன்ற வேண்டும் என்பதில்லை. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே விற்பனை என்று சொல்லிப் பணம் பெறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகாரப் பத்திரத்தால் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சந்தேகத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறோம். முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தில் தேன்கனிக்கோட்டைத் தாலூகாவில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். அண்ணன் தம்பி இருவர் விற்றனர், இருவரும் கையெழுத்திட்டனர், பத்திரம் பதிவாயிற்று. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது விற்றவர்களின் சகோதரி இருவர் பாகம் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். ‘பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்தின்போதே செய்துவிட்டோம்’ என்று தரகர் சொன்னதை அவர் நம்பியிருந்தார். மகளுக்கும் பிறப்பினால் பங்கு உண்டு என்று தமிழ் நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-இல் அது பாரத தேசம் முழுவதுக்கும் விரிந்தது. தகப்பனார் அந்தத் தேதியில் ஜீவித்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் முடிவு கட்டிற்று. அந்தப் பெண்கள் கேட்டது அநியாயமல்ல. அவர்களைக் கேளாமல் விற்றதே அநியாயம். பெரியவர் இரண்டாம் முறை பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். வீடு கட்டப் பணம் மிஞ்சவில்லை. வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, மகள்கள் உள்பட அனைவருடைய சம்மதத்தையும் முதலிலேயே பெற்றிருந்தால் இந்தத் துன்பம் நேர்ந்திராது.

எந்த வகை நிலம்?

நிலம் தனியார் பெயரில் இருப்பதனாலேயே விற்கத்தக்கது என்று எண்ணுவது தவறு. 1892-ஆம் வருஷத்து உத்தரவின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை வேறு வகுப்பார் வாங்குவது செல்லாது. பூமிதான நிலம் 1958-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. கோயில் நிலத்தை 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின்படி முறையான அனுமதியின்றி விற்க முடியாது. ஏரி, ஓடை, மந்தைவெளி, வண்டிப்பாதை ஆகிய புறம்போக்குகளை வேலிக்குள் சேர்த்துக்கொண்டு ‘அனுபவம்’ என்ற பெயரில் விலை பேசுகிறவர்களும் உண்டு. இவற்றில் எதை வாங்கினாலும், ஏழையின் சொத்தையோ ஊரின் சொத்தையோ பறித்த பாவமும் சேரும், பணமும் போகும்.

கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதற்கு 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்த தடை 2020-இல்தான் நீங்கிற்று. தமிழ் நாட்டில் அத்தடை இருந்ததில்லை. பெங்களூர்ப் பணம் எல்லை தாண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தடையின்மை என்பது கட்டுப்பாடின்மை அல்ல. குடும்பம் ஒன்றுக்கு 15 தர ஏக்கர் என்ற உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது, வாரிசாகப் பெறலாம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதையொட்டிச் சட்டமும் பிறந்தது. அதன் பின் மனை என்று சொல்லாமல் ‘பண்ணை நிலம்’ என்று பெயரிட்டுச் சென்ட் கணக்கில் துண்டு போட்டு விற்கும் தந்திரம் கிளம்பியிருக்கிறது. பெயரை மாற்றினால் நிலத்தின் குணம் மாறாது. விவசாய நிலத்தில் வீடு கட்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். மனையாக மாற்ற நகர் ஊரமைப்பு இலாகாவின் அங்கீகாரம் வேண்டும். அனுமதி பிறகு வாங்கித் தருகிறோம் என்கிறவரிடம், அதை வாங்கிய பிறகு பணம் தருகிறோம் என்று பதில் சொல்வதே விவேகம்.

அளவிலும் ஜாக்கிரதை வேண்டும். கர்நாடகத்தார் ஏக்கருக்கு 40 குண்டா என்பார்கள். நாம் 100 சென்ட் என்போம். ஒரு குண்டா இரண்டரைச் சென்ட் ஆகும். எல்லைப் பிரதேசத்தில் இரு கணக்கும் புழங்குவதால், பேச்சில் ஒன்றும் பத்திரத்தில் மற்றொன்றுமாக முடிவது உண்டு. சர்வேயரைக் கொண்டு அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, அக்கம்பக்கத்துக்காரர் முன்னிலையில் எல்லை காட்டிய பிறகே கிரயம் பேச வேண்டும். சர்வே நம்பரில் ஒரு பகுதியை மட்டும் வாங்குகிறவர் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறாவிட்டால், கூட்டுப் பட்டாவின் தொல்லை பேரன் காலம் வரை தொடரும்.

வழி மிக முக்கியம். தரகர் மோட்டாரில் அழைத்துச் சென்ற பாதை யாருடையது? புலப்படத்தில் அது பாதையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது அடுத்த வயற்காரர் அறுவடை முடிந்தபின் தயவில் விட்ட தடமா? நடைபாதை உரிமையை வழக்கத்தால் ஸ்தாபிக்க 1882-ஆம் வருஷத்துச் சட்டப்படி 20 வருஷ இடையறாத அனுபவம் காட்ட வேண்டும். நேற்று வந்தவர் அதை எங்ஙனம் காட்டுவார்? ஒரு மண்வெட்டியால் பக்கத்து வயற்காரர் வரப்பை வெட்டிவிட்டால், உங்கள் அழகிய வீடு தீவாகிவிடும்.

தண்ணீரும் யானையும் தொழிற்சாலையும்

பத்திரம் சுத்தமாயிருந்தாலும் பூமி ஒத்துழைக்க வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லா கடும் பாறையின் மேல் அமைந்தது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே வந்த கிணறுகள் இங்கே ஏராளம். விற்பவர் காட்டும் கிணற்றைச் சித்திரை, வைகாசியில் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் நல்ல கிணறே. கிணற்றில் எத்தனை பங்கு, யார் எந்த நாள் மோட்டார் ஓட்டுவது என்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். நீரைப் பரிசோதிப்பதும் அவசியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததனால் அல்லவா ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது? தென்பெண்ணைக் கரையில் நிலம் கிடைத்தது என்று மகிழ்கிறவர் மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணைக்குச் சென்று, பெங்களூரின் கழிவு கலந்த நீர் வெண்ணுரையாய்ப் பொங்குவதைக் கண்டு வரட்டும். விவசாயத்துக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரம் பம்பு செட்டுக்கே உரியது. வீட்டு விளக்குக்கு அல்ல என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

வறண்ட ஜில்லா என்று ஓடையை அலட்சியம் செய்யவும் ஆகாது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயலின் எச்சமாய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது. ஏரி உபரி நீர் பழைய வழியைத் தேடிப் பாய்ந்து, பஸ் நிலையத்தருகே நின்ற வண்டிகளை அடித்துச் சென்றது. நீர் தன் பாதையை மறப்பதில்லை; தரகர்தான் மறக்கிறார்.

மேற்கே தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் நிலம் பார்ப்பவர்கள் யானையையும் அண்டை வீட்டுக்காரராக ஏற்க வேண்டும். பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டமாக யானைகள் கேழ்வரகு முற்றும் காலத்தில் இக்காடுகளுக்கு வருவது பழைய வழக்கம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல் இங்கே அறிவிக்கப்பட்டது. அவற்றின் வழித்தடத்தில் வேலி போட்டுவிட்டு, யானை வந்துவிட்டதே என்று அலறுவதில் அர்த்தமில்லை. கள்ளத்தனமாக வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது பெருங்குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டதும், இரண்டு குட்டிகள் அனாதையாய் நின்றதும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

தொழில் வளர்ச்சியோ இரு முனைக் கத்தி. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவை 1980-களிலேயே ஓசூரைத் தொழில் நகராக்கின. போச்சம்பள்ளி அருகே ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021-இல் எழுந்தது. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஓசூருக்குப் பக்கத்தில் விரிந்து நிற்கிறது. 2,000 ஏக்கரில் ஓசூரில் சர்வதேச விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டதும் தரகர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் வேறு நிலையம் 2033 வரை கூடாதென்ற நிபந்தனையை அவர்கள் சொல்வதில்லை. விமான நிலையத்துக்கு அருகில் என்று ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அதன் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாயிகள் 2023-இல் நெடுநாள் போராடினார்கள். கொச்சி-பெங்களூர் எரிவாயுக் குழாய் இந்த ஜில்லா வழியே செல்லத் தடையில்லை என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. குழாய் செல்லும் 20 மீட்டர் அகலத்தில் வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது. ஆகையால் நிலம் எடுப்பு நோட்டீஸ், குழாய்த் தடம், உயர் அழுத்த மின்கம்பி ஆகிய மூன்றையும் விசாரிக்காமல் வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

‘நிலத்தை வாங்குங்கள், நாங்களே பயிரிட்டு லாபம் தருகிறோம், சந்தன மரம் பதினைந்து வருஷத்தில் கோடி தரும்’ என்போரிடம் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். 1990-களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகளில் பணம் போட்டு இழந்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். விவசாய நிலம் தருவதாகச் சொல்லிப் பி.ஏ.சி.எல். கம்பெனி சுமார் 5.85 கோடி ஜனங்களிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டுமென்று 2014-இல் செபி உத்தரவிட்டது. பணம் போட்டவர்களில் பலர் தங்கள் நிலத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

விற்பவர் யார்?

இதுவரை வாங்குகிறவருக்குச் சொன்னோம். விற்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் வறண்ட கிணற்றுக்கும் பட்ட கடனைத் தீர்க்க நிலத்தை விற்ற குடியானவன், பணம் கரைந்த பின், அதே நிலத்தின் வாசலில் காவற்காரனாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை ஓசூர்ச் சாலையில் யாரும் காணலாம். தரகருக்கும் கடைசியில் வாங்குகிறவருக்கும் இடையில் விலை மும்மடங்காகிறது. வித்தியாசம் அவனுக்குக் கிடைப்பதில்லை. வேலிக்கு வெளியே மேய்ச்சலும் வண்டிப்பாதையும் சுருங்குகின்றன. இந்த நிலைமை சுதந்திர நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

ஓசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, கிராம முன்சீப்பின் மகன். வழக்கறிஞராயிருந்து தேசத் தொண்டுக்கு வந்தவர். ஊர்க் கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் அவற்றை ஊருக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. இப்பிரதேசத்து ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுவே. வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் விரித்து வைத்து, ஏரி எது, ஓடை எது, பாதை எது, பஞ்சமி நிலம் எது என்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மானமாக எழுதிப் பதியச் செய்யுங்கள். நிலத்தை விற்கப்போகும் குடியானவனுக்கு, முன்பண ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும் முன், அதை ஒரு முறை தமிழில் படித்துக் காட்டுங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்கு அவரவர் பாஷையில் சொல்லுங்கள். வாங்க வருகிறவரிடமும் பகைமை வேண்டாம்; அவரைக் கிராம சபைக்கு அழைத்து வாருங்கள்.

வாங்க வருகிறவருக்கும் கடைசியாக ஒன்று. மேலே சொன்னவை யாவும் சரியாயிருந்தாலும், பணம் கொடுக்கும் முன் அவ்வூரில் நான்கு நாள் தங்குங்கள். டீக்கடையில் உட்காருங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைசி பஸ் ஆகியவற்றை விசாரியுங்கள். விற்பவரின் மனைவியையும் சகோதரிகளையும் சந்தியுங்கள். அடுத்த வயற்காரரிடம், ‘நான் இங்கே வந்தால் உங்களுக்கு என்ன இடைஞ்சல்?’ என்று கேளுங்கள். பத்திரத்தில் காணாத விஷயங்கள் அவருடைய பதிலில் வெளியாகும். இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறவர், அந்த ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கவும் நேரமில்லாதவரே. அவர் தம் பணத்தைப் பாங்கியில் போட்டு வைப்பது அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.